ரெக்வயர்மென்ட் வழியா, ரிஸ்க் வழியா? சோதனையை எங்கிருந்து தொடங்குவது

கேள்வி இது: ஒரு மென்பொருளின் ஆவணத்தில் 240 ரெக்வயர்மென்ட்கள் (அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வாக்கியங்கள்). சோதிக்க மூன்று பேர், மூன்று வாரம். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் கேஸ் (எதைக் கொடுத்தால் என்ன விடை வர வேண்டும் என்ற குறிப்பு) எழுதிச் சோதிக்கச் சொல்கிறார் மேலாளர். ரிஸ்க் அதிகமுள்ள இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்கிறார் டெவலப்மென்ட் லீட். யார் சொல்வது சரி?

முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு ரெக்வயர்மென்ட்டுக்குச் சராசரியாக 4 டெஸ்ட் கேஸ் என்றால் 960. டேட்டா தயார் செய்து, ஓட்டி, முடிவைப் பதிவு செய்ய ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தாலும் 320 மணி நேரம். உங்கள் கையில் இருப்பது 3 பேர் × 15 நாள் × 5 மணி, அதாவது 225 மணி. (எட்டு மணி என்று போடாதீர்கள், மீட்டிங்கும் என்விரான்மென்ட் கோளாறும் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும்.) பக் (பிழை) சரிசெய்யப்பட்ட பின் மறுசோதனைக்கும் ரிக்ரஷனுக்கும் (முன்பு ஓடியது இப்போதும் ஓடுகிறதா என்று பார்ப்பது) 60 மணி ஒதுக்குங்கள். ஆவணத்தைப் படித்துத் திட்டமிட 25 மணி. மிஞ்சுவது 140. தேவைப்படுவதில் பாதிகூட இல்லை.

அதனால் மேலாளர் சொன்னபடி முழுதாக நடக்கப்போவதில்லை. நடக்கப்போவது என்னவென்றால், ஆவணத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவீர்கள். லாகின் திரை முப்பது விதமாகச் சோதிக்கப்படும். கடைசி அத்தியாயத்தில் இருக்கும் மாதக் கணக்கு முடிப்பும் ரீஃபண்டும் கடைசி இரண்டு நாளில் அவசரமாகத் தொட்டுவிட்டுப் போகப்படும். எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று தேர்வு செய்யாத குழுவே கிடையாது. அந்தத் தேர்வைப் பக்க எண் செய்கிறதா, நீங்கள் செய்கிறீர்களா என்பதுதான் வேறுபாடு. லீட் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. எது ரிஸ்க் என்று முடிவு செய்பவர் அந்தக் கோடை (நிரலை) எழுதியவராகவே இருந்தால், அவருக்குத் தோன்றாத இடம் பட்டியலிலும் வராது, சோதனையிலும் வராது.

ஒரே ரெக்வயர்மென்ட்டை இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும்: "தொடர்ந்து 5 முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் கணக்கு 30 நிமிடம் பூட்டப்பட வேண்டும்."

ரெக்வயர்மென்ட் வழிச் சோதனையில் முதல் வேலை டெஸ்ட் கேஸ் எழுதுவது இல்லை. அந்த வாக்கியத்தைக் கேள்வி கேட்பது. "தொடர்ந்து" என்றால் என்ன? நடுவில் ஒருமுறை சரியாகக் கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புமா? இன்று 4, நாளை 1 என்றால் பூட்டுமா? பூட்டியிருக்கும்போது மறுபடி முயன்றால் 30 நிமிடம் புதிதாகத் தொடங்குமா? பூட்டியிருக்கும்போது சரியான கடவுச்சொல் கொடுத்தால் என்ன செய்தி வரும்? இந்தக் கேள்விகளில் பாதிக்கு ஆவணத்தில் பதில் இருக்காது. டெவலப்பர் தனக்குத் தோன்றியதை எழுதியிருப்பார், பிசினஸ் தரப்பு வேறொன்றை நினைத்திருக்கும். ஒரு சோதனையும் ஓட்டாமல் இங்கே பிடிபடும் தவறுதான் இருப்பதிலேயே மலிவானது. "விரைவாக", "தேவைப்பட்டால்", "முதலியன", "எளிதாக" போன்ற சொற்கள் வந்தாலே பேனாவை எடுத்துச் சுழித்துவிடுங்கள். சோதித்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடியாத வாக்கியம் ரெக்வயர்மென்ட் ஆகாது, அது ஆசை.

பதில்கள் கிடைத்தபின் சோதனைகள் வரிசையாக வரும். 4 தவறு, பின் ஒரு சரி: உள்ளே விட வேண்டும். 5 தவறு: பூட்ட வேண்டும். ஆறாவதாகச் சரியான கடவுச்சொல்: விடக்கூடாது. 29 நிமிடம் 59 நொடியில் விடக்கூடாது. 30 நிமிடம் கடந்தபின் விட வேண்டும். 4 தவறு, 1 சரி, மறுபடி 4 தவறு: பூட்டக்கூடாது. எல்லை மதிப்புகளும் இப்படியான வரிசை மாற்றங்களும் சேர்த்து எட்டு அல்லது ஒன்பது டெஸ்ட் கேஸ். நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ரெக்வயர்மென்ட் என்றால் முடிவு அட்டவணை (நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை எழுதும் அட்டவணை) போடுங்கள். மூன்று ஆம்/இல்லை நிபந்தனைக்கு 8 வரிசை. எட்டில் ஒன்றிரண்டுக்கு என்ன விடை என்று ஆவணத்தை எழுதியவருக்கே தெரியாமல் இருப்பது வழக்கம்.

இனி அதே வாக்கியத்தை ரிஸ்க் வழியில் பாருங்கள். இங்கே கேள்வி வேறு: இதில் என்ன கெட்டுப்போகலாம், கெட்டால் யாருக்கு எவ்வளவு அடி?

தவறான முயற்சிகளின் எண்ணிக்கையைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதும் கோடாக இருந்தால், ஒரே நொடியில் 50 கோரிக்கை வரும்போது ஐம்பதும் பூஜ்யத்தைப் படித்து ஒன்றை எழுதிவிட்டுப் போகும். பூட்டே விழாது. எண்ணிக்கை ஒவ்வொரு சர்வரின் நினைவகத்திலும் தனித்தனியாக இருந்து, லோடு பேலன்சருக்கு (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடுவது) பின்னால் நான்கு சர்வர்கள் இருந்தால், தாக்குபவருக்கு 5 முயற்சிக்குப் பதில் 20 கிடைக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். வெப் திரையில் பூட்டு இருக்கும், மொபைல் ஆப் சர்வரோடு பேசும் வழியான ஏபிஐயில் மறந்திருப்பார்கள். ஒரே கடவுச்சொல்லை ஆயிரக்கணக்கான கணக்குகளில் தலா ஒருமுறை மட்டும் முயன்றால் எந்தக் கணக்கும் ஐந்தைத் தொடாது. இன்னும் மோசமாக, அடுத்தவரின் பயனர் பெயர் தெரிந்தால் போதும், வேண்டுமென்றே ஐந்து முறை தவறாகக் கொடுத்து அவரை வெளியே நிறுத்திவிடலாம்; இங்கே ரெக்வயர்மென்ட் சரியாக வேலை செய்வதுதான் பிரச்சினை.

முதல் பட்டியலில் உள்ள ஒன்பதும் பாஸ் ஆகி, இரண்டாவது பட்டியல் அப்படியே உயிரோடு இருக்கலாம். ரிஸ்க் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குதல்களைத் தேடிக்கொண்டிருந்தால், பூட்டு 30 நிமிடத்துக்குப் பதில் 30 நொடியில் திறப்பது கண்ணில் படாமல் போகலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு விண்வெளித் துறையின் இரண்டு விபத்துகள் போதும். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. உந்துவிசைத் தரவு நியூட்டன்-நொடியில் இருக்க வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று அதைப் பவுண்டு-நொடியில் கொடுத்தது, சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். ரெக்வயர்மென்ட் இருந்தது, வெளியீட்டை அதோடு வைத்து யாரும் ஒப்பிடவில்லை. சாதாரண ரெக்வயர்மென்ட் வழிச் சோதனையே பிடித்திருக்கக்கூடிய பிழை இது.

ஏரியன் 5 ராக்கெட்டின் கதை வேறு மாதிரி. 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்தில், பறக்கத் தொடங்கிச் சுமார் 40 நொடியில் அது வெடித்தது. திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து எடுத்துக்கொண்டது. 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு அதில் அடங்கும் உச்சமான 32,767ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கருவியின் ரெக்வயர்மென்ட் ஆவணத்தில் ஏரியன் 5இன் பறக்கும் பாதைத் தரவு சேர்க்கப்படவே இல்லை. ஆக, ஆவணத்தை வரிக்கு வரி சோதித்திருந்தாலும் பாஸ்தான். ரிஸ்க் ஆய்வு நடக்கவில்லையா என்றால், நடந்தது. இப்படி வழிந்துபோகக்கூடிய ஏழு மாறிகளை அடையாளம் கண்டு, கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து, மூன்றை விட்டார்கள். அவை இயற்பியல் ரீதியாக எல்லைக்குட்பட்டவை, அல்லது போதிய இடைவெளி உள்ளவை என்பது காரணம். ஏரியன் 4இல் அது உண்மை. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதைப் பொய்யாக்கியது. இன்னொன்று: எண் வழிந்த அந்தக் கணக்கீட்டுக்கு, ராக்கெட் மேலெழும்பிய பின் ஏரியன் 5இல் எந்தப் பயனும் இல்லை. பழைய ராக்கெட்டுக்காக எழுதிய ரெக்வயர்மென்ட் காலாவதியான பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டாவது கதையிலிருந்து உங்கள் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு நெடுவரிசை. ரிஸ்க் ஷீட்டில் "குறைவு" என்று போடும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "எந்த அனுமானத்தில்" என்று எழுத வையுங்கள். அனுமானம் மாறும் நாளில் அந்த வரியைத் தேடி எடுக்க முடியும்.

ரிஸ்க் பட்டியல் எப்படிப் போடுவது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். "பேமென்ட்: ஹை ரிஸ்க்" என்று எழுதுவது ரிஸ்க் இல்லை, ஒரு மாட்யூலின் பெயர். காரணம், கோளாறு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்: "பேமென்ட் கேட்வே 30 நொடிக்குள் பதில் தராவிட்டால் ஆப் கோரிக்கையை மறுபடி அனுப்பும், ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படலாம்." இப்படி எழுதினால் சோதனை தானாக விழுகிறது. கேட்வேயின் பதிலை 31 நொடி தாமதப்படுத்து, பிடித்த தொகை ஒருமுறைதானா பார். "பேமென்ட்: ஹை" என்பதிலிருந்து எந்தச் சோதனையும் விழாது.

கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். டெஸ்டர், டெவலப்பர், சர்வரைப் பார்த்துக்கொள்பவர், வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவர், பிசினஸ் தரப்பில் ஒருவர். இதில் அழைப்பை எடுப்பவரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பிழைக்கு மக்கள் கொதிக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நிகழ வாய்ப்பு 1 முதல் 5, பாதிப்பு 1 முதல் 5. வாய்ப்பைக் கணிக்க ஜோசியம் வேண்டாம், தடயங்கள் இருக்கின்றன: இந்த ரிலீஸில் மாறிய கோடு, ஏற்கனவே பக் அதிகம் வந்த இடம், பலர் கை வைத்த ஃபைல், இரண்டு குழுக்களின் கோடு சந்திக்கும் இடம், புதிதாகப் புகுத்திய லைப்ரரி, கடைசி வாரத்தில் எழுதியது. பாதிப்புக்கு: பணம் போகுமா, அழிந்த தரவு திரும்ப வருமா, எத்தனை பேர், சட்டச் சிக்கல் உண்டா, மாற்று வழி இருக்கிறதா.

மதிப்பெண்ணை முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் எழுதட்டும், பிறகு ஒன்றாகக் காட்டட்டும். சத்தமாகச் சொல்லத் தொடங்கினால் பதவியில் பெரியவர் சொன்ன எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் இடைவெளி வரும் வரிகளை மட்டும் பேசுங்கள். டெவலப்பர் 1 என்றும் சர்வர்காரர் 4 என்றும் சொல்லும் வரியில் ஏதோ ஒன்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, மற்றவருக்குத் தெரியவில்லை.

எல்லாமே "ஹை" என்று வந்துவிடுவது வழக்கமான நோய். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உச்ச நிலையில் வைக்கக்கூடாது என்று முதலிலேயே விதி போடுங்கள். இரண்டாவது நோய் பெருக்கல். வாய்ப்பு 5 × பாதிப்பு 1 என்பதும் 5தான், வாய்ப்பு 1 × பாதிப்பு 5 என்பதும் 5தான். ஒன்று தினமும் தெரியும் எழுத்துப்பிழை, மற்றொன்று என்றோ ஒருநாள் முழு டேட்டாபேஸும் அழிவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? இயந்திரத் துறையில் எஃப்எம்இஏ என்ற (எது எப்படிப் பழுதாகலாம், விளைவு என்ன என்று அலசும்) முறையில் தீவிரம், நிகழ்தல், கண்டறிதல் மூன்றையும் பெருக்கி 1000 வரை மதிப்பெண் போட்டுவந்தார்கள். வாகனத் துறையின் 2019 கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, தீவிரத்தை முதலில் பார்க்கும் அட்டவணைக்கு மாறியது. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். பாதிப்பு 5 உள்ள எதுவும், வாய்ப்பு எவ்வளவாக இருந்தாலும், சோதிக்கப்படாமல் போகாது என்ற ஒரு விதி போதும்.

உங்கள் 240ஐ இப்போது பிரிக்கலாம். உச்ச நிலை 30, நடு நிலை 70, கீழ் நிலை 140 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உச்ச நிலைக்கு ஒன்றுக்கு 7 டெஸ்ட் கேஸ்: எல்லை மதிப்பு, தவறான உள்ளீடு, ஒரே நேரத்தில் பலர், நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன என்பது வரை. 210 கேஸ், 70 மணி நேரம். நடு நிலைக்கு இரண்டு: எல்லை ஒன்று, தவறான உள்ளீடு ஒன்று. 140 கேஸ், சுமார் 47 மணி. கீழ் நிலை 140ஐத் தனித்தனியாகத் தொடாமல், பயனர் செய்யும் 20 முழு வேலைகளுக்குள் கோத்துவிடுங்கள்: பதிவு செய்வது, தேடுவது, வாங்குவது, ரசீதை இறக்குவது என. ஒன்றுக்கு 30 நிமிடம், மொத்தம் 10 மணி. கூட்டினால் 127. மிச்சம் 13 மணி நேரத்தில் தலா ஒன்றரை மணியாக எட்டு முறை எக்ஸ்ப்ளோரேட்டரி சோதனை (முன்பே எழுதிய டெஸ்ட் கேஸ் இல்லாமல் துருவிப் பார்ப்பது) செய்யலாம். அந்த எட்டையும் ரிஸ்க் பட்டியலில் இருக்கும், ஆனால் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயங்களுக்குக் கொடுங்கள்.

அப்படிப்பட்ட விஷயங்கள் நிச்சயம் இருக்கும். இரண்டு வழியையும் சேர்த்துச் செய்வதன் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கிறது. ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸில் (எது எதோடு தொடர்புடையது என்று காட்டும் அட்டவணை) ரெக்வயர்மென்ட், ரிஸ்க், டெஸ்ட் கேஸ் மூன்றையும் இணைத்துவிட்டு, இணையாமல் தொங்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். உச்ச ரிஸ்க் இருக்கிறது, பின்னால் ரெக்வயர்மென்ட் இல்லை: இது விடுபட்ட ரெக்வயர்மென்ட். "ஒரு ஆர்டருக்கு ஒருமுறைதான் பணம் பிடிக்க வேண்டும்" என்று ஆவணத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், சொல்லாமலே புரியும் என்று நினைத்திருப்பார்கள். பிசினஸ் தரப்பிடம் கொண்டுபோய் எழுத வையுங்கள். எழுதும்போதே ரத்தான ஆர்டருக்கு என்ன, பாதிப் பணம் கட்டிய ஆர்டருக்கு என்ன என்ற கேள்விகள் கிளம்பும். ரெக்வயர்மென்ட் இருக்கிறது, எந்த ரிஸ்க்கும் தொடவில்லை: பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் கூட்டத்தில் அதைப் பற்றி யாருக்கும் தெரியாததால் விடுபட்டதா என்று ஒருமுறை கேளுங்கள். டெஸ்ட் கேஸ் இருக்கிறது, இரண்டும் இல்லை: முந்தைய ரிலீஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குப்பையாக இருக்கலாம். யாராலும் விளக்க முடியாவிட்டால் நீக்குங்கள்.

விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலை இதே யோசனையைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. டெஸ்ட் கேஸ்கள் ரெக்வயர்மென்ட்டிலிருந்து வர வேண்டும். ஆனால் எவ்வளவு ஆழம் என்பதை, பழுதானால் விளைவு என்ன என்று கணித்து வகுத்த ஏ (மிகக் கடுமையானது) முதல் இ வரையிலான நிலை தீர்மானிக்கிறது. சி நிலைக்கு ஒவ்வொரு கட்டளையும் ஒருமுறை ஓடியிருந்தால் போதும். பி நிலையில், கோடு ஆம்/இல்லை என்று பிரியும் ஒவ்வொரு முடிவும் இரு பக்கமும் ஓட வேண்டும். ஏ நிலையில் முடிவுக்குள் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக முடிவை மாற்றுகிறது என்று காட்ட வேண்டும். ரெக்வயர்மென்ட் வழிச் சோதனைகளை ஓட்டிய பிறகும் தொடப்படாத கோடு மிஞ்சினால் அதற்கு விளக்கம் தர வேண்டும்: சோதனை போதவில்லையா, ரெக்வயர்மென்ட் விடுபட்டதா, செத்த கோடா? மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304, வாகனத்துக்கான ஐஎஸ்ஓ 26262 இரண்டும் விளைவின் தீவிரத்தை முதலில் வகுத்துவிட்டுத்தான் எவ்வளவு சோதனை என்பதற்கு வருகின்றன.

எந்தப் பக்கம் சாய்வது என்பது வேலையைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் உள்ள பட்டியலை ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் பணம் வரும் என்றாலோ, ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும் என்றாலோ, 240க்கும் குறைந்தது ஒரு சோதனையாவது இருந்தே ஆக வேண்டும். ரிஸ்க் வரிசையையும் ஆழத்தையும் மட்டும் முடிவு செய்யும். ஆவணமே இல்லாத பழைய சிஸ்டம், இரண்டு வரி யூசர் ஸ்டோரி, மூன்று மணி நேரத்தில் வெளியே போக வேண்டிய ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) என்றால் ரிஸ்க்தான் வழி. ஹாட்ஃபிக்ஸில் டெப்ளாய்மென்ட்டையும் (புதிய கோடைச் சர்வர்களில் ஏற்றுவதையும்) ஒரு ரிஸ்க்காக எழுதுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போகவில்லை. அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று, சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எட்டிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை, புதிய வசதியின் ரெக்வயர்மென்ட் பட்டியலில் எங்கே வரும்?

ரிஸ்க் மதிப்பெண்ணை ஒருமுறை போட்டுவிட்டு மூடிவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கீழ் நிலையில் இருந்த ஒரு திரை இரண்டு நாளில் நான்கு பக் கொடுத்தால் அதை மேலே ஏற்றுங்கள். பக் கூட்டமாகத்தான் குடியிருக்கும். மேல் நிலையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வாய்ப்பு மதிப்பெண்ணைக் குறைக்கலாம், பாதிப்பைத் தொடாதீர்கள். பணம் இரண்டு முறை போனால் வலிக்கும் அளவு, சோதனை பாஸ் ஆனதால் மாறிவிடாது.

மேலாளருக்கு அறிக்கை தரும்போது "92 சதவீதம் பாஸ்" என்று எழுதினால் எட்டு சதவீதம் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. 240க்கும் தலா ஒரே ஒரு சோதனை ஓட்டினாலும் "100 சதவீதம் கவரேஜ்" என்று போட முடியும், அதுவும் பொய்யில்லை. "உச்ச நிலை 30இல் 27 முடிந்தது. மீதி மூன்று இவை, சோதிக்காமல் வெளியிட்டால் இன்னது நடக்கலாம்" என்று எழுதுங்கள். கீழ் நிலையில் நீங்கள் தொடாமல் விட்டவற்றையும் தனிப் பட்டியலாகப் போட்டு, அதை ஏற்றுக்கொண்டவர் பெயரையும் தேதியையும் அருகில் பதியுங்கள். வெளியிடலாமா என்ற முடிவு அந்தப் பெயருக்குரியவருடையது, டெஸ்டருடையது இல்லை. இந்தப் பட்டியலை ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை நீட்டாமல் இரண்டாம் வாரக் கடைசியிலேயே கொடுத்தால், அவர் இன்னும் ஒரு ஆளையோ இரண்டு நாளையோ சேர்க்க நேரம் இருக்கும்.